ஆதிரையும் கேட்டையும் ஞாயிறும்

 

கோடைக்கானலில் கூட்டம் என்றால் குறிஞ்சி, பேசுபவர் தமிழாசிரியை என்றால் திணை என்பது நம்மிடையே எழுதாத விதி. பத்தாம் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்த நண்பர்களும் அதையே எதிர்பார்த்திருக்கக் கூடும். 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030இல்தான் பூக்க வேண்டும். அதுவரை பொறுத்தருளுங்கள். இன்று நான் நிலத்தை விட்டு வானத்துக்குச் செல்கிறேன். செல்வதற்குரிய வழி இவ்வூரிலேயே, அப்சர்வேட்டரி சாலையின் முடிவில் இருக்கிறது.

நம் முன்னோர் எண்ணிய இருபத்தேழு நாள்மீன்களுள் ஆதிரையும் கேட்டையும் செந்நிறத்தால் கண்ணைக் கவர்வன. உரோகிணியும் சிவந்ததே, எனினும் அது இவ்விரண்டைப் போல் அத்துணைப் பெரிதன்று. மேலைநாட்டார் ஆதிரையைப் பெட்டல்ஜூஸ் என்றும், கேட்டையின் முதன்மை மீனை அண்டாரிஸ் என்றும் வழங்குவர். வானியலார் இவ்விரண்டையும் ஒரே இனத்தில் சேர்த்துச் ‘சிவப்பு மீப்பெரு விண்மீன்’ என்கின்றனர். இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. ஒரே அளவு வெப்பம் உடையன. பருமனிலும் பெரிய வேறுபாடு இல்லை. உடன்பிறந்தார் என்றே சொல்லத் தோன்றும்.

ஆயினும் நம் வழக்கில் இவ்விருவரும் பெற்ற வாழ்வு வேறுவேறு. ஆதிரை சிவபெருமானுக்குரிய நாள். அதற்குத் ‘திரு’ என்னும் அடைமொழி கிடைத்தது. பரிபாடலில் வையையைப் பாடும் பதினோராம் பாடல் ஆதிரை விழாவைச் சுட்டுகிறது. (அப்பாடலின் கோள்நிலைகளைக் கணக்கிட்டு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634 என ஆண்டு குறித்ததையும், அதனை ஏற்காதார் பலர் என்பதையும் மாணவர்கள் அறிவீர்கள். அவ்வழக்கை இன்று நான் தொடவில்லை.) திருவாரூர் ஆதிரை நாளின் சிறப்பை அப்பர் தனிப் பதிகமாகவே பாடினார். மணிமேகலையின் அமுதசுரபியில் முதற்பிச்சை இட்ட கற்பரசியின் பெயரும் ஆதிரையே. கேட்டைக்கு அத்தகைய பதிகம் ஏது? பெண் குழந்தைக்குக் கேட்டை என்று பெயரிட்ட பெற்றோரை நான் இதுவரை கண்டதில்லை.

பெயரிடாதது மட்டுமா? ‘மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது’ என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறோம். என் தமக்கையார் பிறந்தது கேட்டையில். பதினொரு ஆண்டுகள் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி அருந்தினார்கள், சாதகத்தைத் திருப்பித் தந்தார்கள், சென்றார்கள். தலைமகனாய்ப் பிறந்த மாப்பிள்ளை அமைந்தால் தொல்லையில்லை என்று சொன்னார்கள், அமையவில்லை. முடிவில் எங்கள் தந்தையார் ஒரு சோதிடரிடம் சென்று, பிறந்த நேரத்தைச் சில மணி முன்னுக்குத் தள்ளிக் கேட்டையை அனுடமாக்கினார். திருமணம் நிகழ்ந்தது. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளாக என் தமக்கையார் பெயரில் எந்தக் கோயிலில் அருச்சனை நடந்தாலும் அனுடத்துக்கே நடந்தது. மாமியார் மறைந்தபின் உண்மையை வீட்டாரிடம் சொன்னவரும் அவரே. இந்த அவையில் சொல்ல இசைவு தந்தவரும் அவரே. மூத்த மைத்துனருக்கு இன்று அகவை எழுபத்திரண்டு. பழனியில் நாள்தோறும் கிரிவலம் வருகிறார். அவரோடு நடக்க எனக்கு மூச்சு வாங்குகிறது.

இனி அந்த விண்மீனின் பருமனைப் பார்ப்போம். ஞாயிறு சிறியதன்று. அதன் ஆரம் ஏறத்தாழ 6,96,000 கிலோமீட்டர். அதன் விட்டத்தில் 109 நிலவுலகங்களை வரிசையாக அடுக்கலாம். அத்தகைய ஞாயிற்றை 2 மில்லிமீட்டர்க் கடுகாக்கி இந்த மேசையின்மீது வையுங்கள். நிலவுலகம் அக்கடுகிலிருந்து ஒரு சாண் தொலைவில், கண்ணுக்குப் புலப்படாத துகளாய்ச் சுற்றும். இதே அளவையில் ஆதிரையும் கேட்டையும் என் தோள் உயரத்துக்கு, ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள கோளங்களாக நிற்கும். ஞாயிற்றைப்போல் எழுநூறு, எண்ணூறு மடங்கு. கடுகு இருந்த இடத்தில் அக்கோளத்தை நிறுத்தினால் புதன், வெள்ளி, நிலவுலகம், செவ்வாய் ஆகிய நான்கின் பாதைகளும் அதன் உள்ளே அடங்கிவிடும். துல்லியமான மடங்கைச் சொல்லாமைக்குக் காரணம் உண்டு. இம்மீன்களுக்கு விளிம்பு என்று ஒன்று கூர்மையாக இல்லை. எந்த ஒளியில் அளக்கிறோமோ அதற்கேற்ப அளவும் மாறும்.

கடுகும் கோளமும் அருகருகே இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். ஆதிரையின் தொலைவு ஏறத்தாழ 550 ஒளியாண்டு என்று கொண்டால், கடுகு கோடைக்கானலில் இருக்க, கோளத்தை 7,400 கிலோமீட்டருக்கு அப்பால், ஜெர்மனி நாட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கிருந்து புறப்பட்ட ஒளி நம் கண்ணை அடைய ஐந்தரை நூற்றாண்டு ஆகிறது. சென்ற மார்கழியில் நாம் கண்ட ஆதிரையின் ஒளி, அருணகிரிநாதர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் 15ஆம் நூற்றாண்டில் கிளம்பிய ஒளி. பழனியாண்டவன்மீது திருப்புகழ் பாடப்பெற்ற காலத்து வெளிச்சம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவியர் தேர்வில் எழுதும் விடை இது ஒன்றே பிழையின்றி இருக்கிறது.

இத்துணைத் தொலைவில் உள்ளதை அளந்தது எப்படி? 1920 டிசம்பரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் மைக்கல்சன், பீஸ் என்னும் இருவர் 100 அங்குலத் தொலைநோக்கியின்மேல் ஆடிகளைப் பொருத்தி ஆதிரையின் தோற்ற விட்டத்தை முதன்முதல் அளந்தனர். ஞாயிற்றைத் தவிர வேறொரு விண்மீன் அளவுகோலுக்கு அகப்பட்டது அன்றுதான். அவர்கள் கண்ட கோணம் எவ்வளவு தெரியுமா? மதுரையில் ஒருவர் கையில் பிடித்த சிறு நாணயத்தை இங்கே கோடைக்கானலிலிருந்து நோக்கினால் அது எத்துணைச் சிறிதாகத் தெரியுமோ அத்துணை. கேட்டைக்கு நற்பேறு சற்றுக் காலந்தாழ்த்தி வந்தது. 2017இல் சிலி நாட்டில் உள்ள தொலைநோக்கிகளை இணைத்து அதன் முகத்தையே படமாக்கினர். ஞாயிறு நீங்கலாக, அதுவரை எந்த விண்மீனின் முகமும் அவ்வளவு தெளிவாகக் கிடைத்ததில்லை. ஆதிரை பெறாத சிறப்பு இதுவாவது கேட்டைக்கு வாய்த்ததே என்று எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இவ்வளவு பெரிதென்றால் எடையும் அப்படித்தானே இருக்க வேண்டும்? இல்லை. பருமனில் ஞாயிற்றைப்போல் முப்பது, நாற்பது கோடி மடங்கு. எடையிலோ பன்னிரண்டு முதல் இருபது மடங்குக்குள். சராசரியாகப் பார்த்தால் நாம் மூச்சுவிடும் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு நொய்ம்மையான உடம்பு. வெப்பத்திலும் ஞாயிறே மேம்பட்டது. ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின்; இவற்றின் மேற்பரப்பு 3,600 அளவே. குளிர்ந்ததால் சிவந்தது. ஒளி மட்டும் குறையவில்லை. பரப்பு அத்துணை விரிந்ததால், ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு ஆற்றலை ஆதிரை உமிழ்கிறது.

கெல்வின் என்றேன். அப்பெயருக்கும் இம்மலைக்கும் தொடர்பு உண்டு. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். மழை பொய்த்ததற்கு ஞாயிற்றின் கரும்புள்ளிகள் காரணமாகுமோ என்னும் ஐயம் அந்நாளில் வலுத்தது. ஞாயிற்றை நாள்தோறும் நோக்க ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற கருத்துக்கு அப்பஞ்சமும் ஒரு காரணம். 1893இல் இலண்டனில் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு, கோடைக்கானலைத் தேர்ந்தது. 1895இல் சென்னை ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். மிச்சி ஸ்மித்தின் பொறுப்பில் 1899இல் பணி தொடங்கிற்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கும்பினியார் அமைத்த வானாய்வகத்தின் வழித்தோன்றல் இது. அப்பழைய ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் செம்மீன் ஒன்றைக் கண்டறிந்தார் என்பதையும் ஈண்டு நினைக்க வேண்டும். மீப்பெரு மீன் அன்று. அதற்கு அடுத்த படியில் உள்ள செம்பெரு மீன்.

பஞ்சத்தைப் பற்றிய கேள்விக்கு அன்று எதிர்பார்த்த எளிய விடை கிடைக்கவில்லை. இத்தனை புள்ளி தோன்றினால் இத்தனை மழை என்னும் வாய்பாடு அமையவில்லை. ஆனால் கேள்வியின் முகவரியை நோக்குங்கள். இலட்சக்கணக்கில் மக்கள் மடிந்தபோது, கிரகம் சரியில்லை என்று கைவிரிக்காமல், மலையுச்சியில் ஒரு குழாயை நிறுத்தி ஞாயிற்றையே நேரில் வினவினர். அவ்வாறு வினவியவர் ஆள வந்த அயலார் என்பதும், அதே ஆட்சியில்தான் பஞ்சத்தின்போதும் தானியம் கப்பலேறியது என்பதும் மறக்கத்தக்கன அல்ல.

1907இல் இங்கு வந்த ஜான் எவர்ஷெட் 1909 சனவரியில் கரும்புள்ளிகளை ஆராய்ந்து, புள்ளியின் விளிம்புப் பகுதியில் வளிமம் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றும் உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு என்றே பெயர் பெறுகிறது. இக்கரும்புள்ளிகளே ஞாயிற்றுக்கும் நம் செம்மீன்களுக்கும் இடையே முதற்பாலம். புள்ளி கருப்பாகத் தெரிவது, சுற்றிலும் உள்ள பேரொளியின் நடுவே இருப்பதால்தான். அதன் நடுவின் வெப்பம் ஏறத்தாழ 4,000 கெல்வின். அதனைத் தனியே பிய்த்து இரவு வானில் ஒட்ட முடிந்தால் செம்மஞ்சளாய்ச் சுடர்விடும். டைட்டானியம் ஆக்சைடு என்னும் சேர்மம் ஞாயிற்றின் மற்றப் பரப்பில் வெப்பம் தாங்காமல் சிதையும். புள்ளியின் குளிர்ச்சியில் நிலைக்கும். அதன் தடமே ஆதிரையின் ஒளியிலும் கேட்டையின் ஒளியிலும் பட்டை பட்டையாய்க் கிடக்கிறது. 1906இலேயே ஹேல், ஆடம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர்கள் கரும்புள்ளியின் நிறமாலையையும் செம்மீன்களின் நிறமாலையையும் ஒப்பிட்டு இவ்வொற்றுமையை எழுதினர். ஆதிரையின் ஒரு சிறு கூறு ஞாயிற்றின் முகத்திலேயே தோன்றித் தோன்றி மறைகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாம் பாலத்தைக் கட்டியவர் வைணு பாப்பு. 1927இல் சென்னையில் பிறந்து, ஐதராபாத்தில் வளர்ந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். 1960 முதல் கோடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர். நீங்கள் ஆய்வகத்தின் காட்சிக்கூடத்துக்குச் சென்றால் ஞாயிற்றொளியைப் பிரித்து நிறமாலையாகத் திரையில் காட்டுவர். ஊதாப் பகுதியில் கால்சியத்தால், அதாவது நம் சுண்ணாம்பில் உள்ள பொருளால், உண்டாகும் கருங்கோடு ஒன்று ‘கே’ என்னும் எழுத்தால் குறிக்கப்படும். பல விண்மீன்களில் அக்கருங்கோட்டின் நடுவே ஒரு மெல்லிய ஒளிக்கீற்று எழும். பாப்புவும் ஆலின் வில்சனும் சேர்ந்து 1957இல் வெளியிட்ட கட்டுரை இதுதான் சொல்லிற்று: விண்மீனின் உண்மையான ஒளி மிகுந்தால் அக்கீற்றின் அகலமும் மிகும். ஞாயிறு போன்ற மீன்கள் முதல் மீப்பெரு மீன்கள் வரை இவ்விதி தொடர்ந்து செல்கிறது.

இதன் அருமையை எப்படி விளக்குவது? இருட்டில் எங்கோ மணியோசை கேட்கிறது. ஓசை மெலிந்திருப்பதால் சிறிய மணி என்று சொல்லிவிட முடியாது. பெரிய மணி தொலைவில் இருக்கலாம். ஆனால் ஓசையின் தன்மையே சொல்லிவிடும், அது மாட்டின் கழுத்து மணியா, கோயிற் கண்டாமணியா என்று. ‘கே’ கீற்றின் அகலம் அத்தகையது. எவ்வளவு மங்கித் தெரிந்தாலும் விண்மீன் தன் உண்மை அளவை மறைக்க இயலாது.

அந்தக் ‘கே’ ஒளியில் ஞாயிற்றைப் படம்பிடிக்கும் பணி கோடைக்கானலில் 1907 முதல் முறையாக நடந்துவந்தது. கண்ணாடித் தகடுகளில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அப்படங்களை இன்று எண்ணிமமாக்கி உலகமே பயன்கொள்கிறது. ஞாயிற்றின் முகத்தில் எந்தக் கூறுகளால் அவ்வகலம் அமைகிறது என்பதைப் பாப்புவும் கே.ஆர். சிவராமனும் ஆராய்ந்து 1971இல் எழுதினர். தொலைவில் உள்ள பெருமீன்களின் மொழியைப் படிக்க, அருகில் உள்ள சிறுமீனின் முகத்தில் அரிச்சுவடி கற்றனர் என்க.

அகவையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. கேட்டை என்னும் பெயர் ‘சேட்டை’ என்பதோடு உறவுடையது. வடமொழியில் ‘மூத்தாள்’ என்று பொருள். மூத்தாள் மூதேவியானதும், கேட்டைக்குக் ‘கேடு’ என்று வேர் காட்டும் மக்கள் வழக்கு எழுந்ததும் பின்னாளைய வளர்ச்சி. உண்மையில் யார் மூத்தவர்? ஞாயிறு தோன்றி 460 கோடி ஆண்டுகள் ஆயின. ஆதிரைக்கும் கேட்டைக்கும் வயது ஒரு கோடி, மிஞ்சினால் ஒன்றரைக் கோடி ஆண்டு. நம் ஞாயிற்றின் முன்னே இரண்டும் தவழும் குழந்தைகள். ஆயினும் முதுமை எய்திவிட்டன. மிக்க எடையோடு பிறந்த மீன் தன் எரிபொருளை விரைந்து செலவிட்டுவிடுகிறது. ஞாயிறு இன்னும் 500 கோடி ஆண்டு இருக்கும்; பிறகு அதுவும் சிவந்து பருத்து, மீப்பெருமீன் ஆகாமலே அடங்கி வெண்குறுமீனாய் எஞ்சும். அவ்வாறு அமைதியாக அடங்குவதற்கு எடையின் எல்லை எது என்று கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் கப்பலேறிய சந்திரசேகர். அவ்வெல்லைக்குள் அடங்காத இவ்விரு செம்மீன்களும் ஒருநாள் வெடித்துச் சிதறும். நம் எலும்பில் உள்ள கால்சியமும், முன்னர் எங்கோ வெடித்த இத்தகைய மீன்களிலும் பிற மீன்களிலும் சமைந்ததே.

2019இன் இறுதியில் ஆதிரை மங்கத் தொடங்கியபோது, வெடிக்கப் போகிறதோ என்று உலகம் பரபரப்படைந்தது. 2020 சனவரியில் ஆருத்திரா தரிசனம் வந்தபோது அந்த மீன் தன் வழக்கமான ஒளியை வெகுவாக இழந்திருந்தது. பிப்ரவரியில் பாதிக்கும் கீழே போயிற்று. விடியலில் கோயில் வாயிலில் நின்றவர்களுள் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்தோம்? நான் பார்க்கவில்லை. செய்தித்தாளில் படித்தபின்தான் மாடிக்கு ஓடினேன். மீன் உமிழ்ந்த வளிமம் குளிர்ந்து தூசியாகித் தன் முகத்தையே மறைத்தது என்று பின்னர் விளக்கினர். சில மாதங்களில் ஒளி மீண்டது.

சென்ற ஆண்டு வைகாசியில் என் தமக்கையாரை இங்கே அழைத்து வந்தேன். வைகாசி மாலையில் ஆதிரை மேற்கே இறங்கும். அதே வேளையில் கேட்டை தென்கிழக்கே எழும். இரண்டையும் நன்கு உயர்ந்த நிலையில் ஒருசேரக் காண முடியாது. கிரேக்கரும் இதைக் கண்டே வேட்டுவனையும் தேளையும் பகைவராக்கிக் கதை கட்டினர். அன்று முன்னிரவில் மேகம் விலகவில்லை. ஒன்பதரை மணியளவில் மரத்தலைகளுக்கு மேலே வானம் தெளிந்தது.

“அதோ, சிவப்பாக இருக்கிறதே, அதுதான் அக்கா” என்றேன்.

“இதுவா?” என்றார். சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இத்தனை வருஷமாகப் பயமுறுத்தினார்கள், நிமிர்ந்து ஒரு தரம்கூடப் பார்க்கவில்லையே நான்.” பிறகு, “சூரியனைவிட எவ்வளவு பெரிது என்றாய்?” என்று கேட்டார். எழுநூறு மடங்கு என்றேன். சிரித்தார்.

மறுநாள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குச் சென்றோம். அருச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பெயரையும் நட்சத்திரத்தையும் வினவினார். தமக்கையார் தம் பெயரைச் சொன்னார். சற்று நின்றார். அத்தான் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ‘கேட்டை’ என்றார்.